செயின் வழுக்குகிறதா? கடைக்குப் போகுமுன் பாருங்கள்



இந்தப் பக்கத்தில் வழமையாகப் பதிவுகள், கொடுப்பனவுகள், பிள்ளைகளின் படிப்பு என்பன பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை சைக்கிள் செயினைப் பற்றி எழுதப் போகிறேன். பெண்களின் சஞ்சிகையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது. தோட்டக் கூலிக்குப் போவதும், மீன் வாங்கி விற்பதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும், கிளினிக்குக்குப் போவதும் சைக்கிளில்தான். கணவர் இல்லாத வீட்டில், அல்லது கணவர் இருந்தும் நடக்க இயலாத வீட்டில், அந்தச் சைக்கிள் நின்றால் அன்றைய உழைப்பும் நின்று விடுகிறது.

எமது சனத்துக்குச் சைக்கிளின் அருமையை ஒருவர் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் அரிசி மூடையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் பெட்டி படுக்கையைக் கட்டிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டுதான் பெரும்பாலானோர் வலிகாமத்தை விட்டு வெளியேறினர். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது நாடு முழுவதும் மறுபடி சைக்கிளைத் தேடியது. அப்போது சைக்கிளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். எனவே தேவையில்லாத ஒரு பாகத்தை வாங்கிப் பூட்டுவது இன்றைக்குச் சின்ன நட்டமல்ல.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எமது பெண்களில் பலருக்கு அதைத் திருத்தத் தெரியாது. அறிவு போதாமல் அல்ல. ஸ்பனர் பிடிப்பது தகப்பனின், அண்ணனின், கணவரின் வேலை என்று வீட்டில் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த ஆட்கள் இல்லாமற் போனபின் வேலை மட்டும் எங்களிடம் வந்தது, சொல்லித் தர ஆள் வரவில்லை. அதனால் கடைக்குப் போய் "செயின் சரியில்லை, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்கிறோம். அவர் சொல்வதுதான் கணக்கு.

கூட்டங்களில் சகோதரிகள் சொல்லும் முறைப்பாடுகளைக் கவனித்திருக்கிறேன். ஒருவர் "செயின் கழருது" என்பார். இன்னொருவர் "ஏத்தத்தில வழுக்குது" என்பார். வேறொருவர் "மிதிக்கிறன், சும்மா சுத்துது, சில்லு ஓடேல்லை" என்பார். இன்னும் ஒருவர் "ஒவ்வொரு சுத்துக்கும் டக் டக் எண்டு தட்டுது" என்பார். இவை ஒரே வருத்தம் அல்ல, நாலும் நாலு வருத்தம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. எது என்று நீங்களே சொல்லக்கூடியதாக இருந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது.

முதலில் கழருவது. குழியிலோ கல்லிலோ விழுந்தெழும்பும்போது செயின் முழுவதாகப் பல்லை விட்டு வெளியே விழுகிறதென்றால், பெரும்பாலும் அது தொய்ந்து போயிருக்கிறது. முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவில் கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம் ஆடலாம். பெடலை மெதுவாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன் பல்சக்கரம் சில சைக்கிள்களில் சரியான வட்டமாக இராது. ஆகவும் இறுக்கமான இடத்தில் இந்த அளவு இருக்க வேண்டும். அதைவிடக் கூட ஆடினால் பின் சில்லின் இரு பக்க நட்டையும் இளக்கி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, சட்டத்தின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, திரும்ப இறுக்கினால் போதும். காசு செலவில்லை. சில்லு பின்னுக்குப் போனால் பிறேக் கட்டை படும் இடமும் மாறும், ஆகவே பிறேக்கைப் பிடித்துப் பாராமல் ஏற வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் கூடாது. செயின் தந்திக்கம்பி போல நின்றால் மிதிக்கப் பாரமாக இருக்கும், ஹப்பினுள் இருக்கும் போல்சும் தேயும்.

சில்லை முழுவதாகப் பின்னுக்கு இழுத்தும் செயின் தொய்ந்தே இருக்கிறதென்றால் விடயம் வேறு. அந்நேரம் சில கடைகளில் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டுப் பூட்டித் தருவார்கள். பார்வைக்குச் செயின் இறுகிவிடும், ஆனால் மிச்சக் கண்ணிகளின் தேய்வு அப்படியே இருக்கும். சில கிழமையில் வழுக்கத் தொடங்கும்.

இனி வழுக்குவது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மதகு ஏறும்போது, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது, கரியரில் பாரம் இருக்கும்போது, பெடல் திடீரென்று கீழே போய் விழும். செயின் கழராது, பல்லின் மேல் ஏறி அடுத்த பல்லுக்குத் தாவும். இதுதான் ஆபத்தானது. கால் வெறுமையில் போவதால் உடம்பு ஒரு பக்கம் சரியும், பின்னால் பிள்ளை இருந்தால் இருவரும் விழ வேண்டியதுதான். செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் சகோதரிகளுக்கு இது இன்னும் மோசம், சட்டென்று மற்றக் காலை ஊன்றி நிற்க அவர்களால் முடியாது. அவர்களுடைய சைக்கிளில் இந்த வருத்தம் தொடங்கினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

இதற்குக் காரணம் தேய்வு. செயின் "நீண்டு போச்சு" என்று சொல்கிறோம், உண்மையில் இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு குழலும் இருக்கின்றன. கிறவல் ரோட்டுப் புழுதியும் கடற்கரை மணலும் எண்ணெயோடு சேர்ந்து அரத்தூள் போல அந்த இடத்தை அராவுகின்றன. ஒரு கண்ணியில் தெரியாத அளவு இடைவெளி, நூறு கண்ணியில் சேரும்போது செயின் நீண்டதாகத் தெரிகிறது. கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம் கூடியதால் அது பல்லின் அடியில் இருக்காமல் மேலே ஏறி நிற்கும். அப்படி ஏறி நின்று பல்லையும் தேய்க்கும். தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் சேர்ந்து சேர்ந்து ஒன்றுக்கொன்று பழகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. பிள்ளையின் புத்தகப் பையில் இருக்கும் அடிமட்டம் போதும். துணி அளக்கும் நாடா வேண்டாம், அது இழுபடும். சைக்கிளை நிறுத்தி, பெடலைச் சற்று அழுத்தி மேல்பக்கச் செயினை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். செயின் கவர் மறைத்தால் கழற்றுங்கள். ஒரு பின்னின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியக் கோட்டை வையுங்கள். அந்தப் பின்னை ஒன்று என்று எண்ணி இருபத்தைந்தாவது பின் வரை போங்கள். புதுச் செயினில் அந்த 25ஆவது பின்னின் நடு, சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிக்கு 12 அங்குலம். கியர் உள்ள சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான்.

அந்தப் பின் 12ஐத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது, ஆனால் பல்சக்கரங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் செயின் முடிந்தது, அது பின் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். சின்னக் கோடுதான், ஆனால் ஒரு பாகம் வாங்குவதா இரண்டு பாகம் வாங்குவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அடிமட்டம் கிடைக்காத இடத்தில், முன் பல்சக்கரத்தின் ஆக முன்பக்கத்தில் செயினை விரலால் பிடித்து முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால் அதுவும் தேய்வின் அடையாளம்.

அடுத்து பிறீவீலைப் பாருங்கள். பின் சில்லின் நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்தான் பிறீவீல். பழைய சீலைத்துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து அழுக்கைத் துடைத்தால் பல் வடிவாகத் தெரியும். நல்ல பல்லின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து, கொக்கி போல, சுறாவின் செட்டை போல வளைந்து கூராக நிற்கும். எமது சாதாரண சைக்கிள்களில் பெரும்பாலும் பின்னுக்கு 18 பல், முன்னுக்கு 44 அல்லது 48 பல். பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்னது ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். அதனால் பின்பக்கப் பல்தான் முதலில் தேயும். முன் பல்சக்கரம் இரண்டு மூன்று செயின் வரை தாக்குப்பிடிக்கக் கூடியது. "மூண்டையும் மாத்தோணும்" என்று ஒருவர் சொன்னால் முன் பல்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி விடிய ஐந்து மணிக்கு இடியப்பம் அவித்து, கரியரில் பெட்டி கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். மதகு ஏற்றத்தில் செயின் வழுக்கி இரண்டு முறை விழுந்தார். கிழமைக் கடனுக்கு வைத்திருந்த காசில் புதுச் செயின் போட்டார். அடுத்த நாளிலிருந்து முன்னரைவிடக் கூட வழுக்கியது. கடையில் கேட்டபோது "புதுச் செயின், செற்றாகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார்களாம். "செயின் மாத்தினாப் பிறகுதான் மிஸ் கூட வழுக்குது, எனக்கு இந்தச் சைக்கிளே ராசியில்லை" என்று அழாக் குறையாகச் சொன்னார். ராசி என்ன செய்யும்? பிறீவீலைத் துடைத்துப் பார்த்தோம். பதினெட்டுப் பல்லும் கொக்கி. பழைய செயின் நீண்டிருந்ததால் அந்தக் கொக்கிப் பல்லோடு ஒருவாறு பொருந்தி ஓடியது. புதுச் செயின் சரியான அளவு, ஆகவே தேய்ந்த பல்லில் அது உட்காராது. நாட்கள் போனாலும் செற்றாகாது. அப்படியே ஓடினால் புதுச் செயினும் கெதியாகத் தேயும். பிறீவீலை மாற்றியபின் அவருடைய சைக்கிள் வழுக்கவில்லை.

இதில் காசுக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். செயினும் பிறீவீலும் இரண்டும் தேய்ந்திருக்கிறது, கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், செயினை மட்டும் வாங்கிப் பூட்ட வேண்டாம். பழையதைப் பழையதோடு விட்டு, தொய்வை எடுத்து, பிள்ளையையும் பாரத்தையும் ஏற்றாமல், ஏற்றங்களில் இறங்கி உருட்டி, இரண்டையும் சேர்த்து வாங்கும்வரை ஓடுங்கள். சீட்டுக் காசு வரும் மாதத்தில் சேர்த்துச் செய்யுங்கள். கடன் எடுத்துப் பாதி வேலை செய்வதைவிட இது மேல். அதேபோல பதினாறில் ஒரு பங்கு தாண்டியவுடன் செயினை மாற்றுபவருக்குப் பிறீவீல் செலவு பல காலம் வராது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்து, கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

மூன்றாவது, மிதித்தால் சும்மா சுற்றுவது. இதைச் செயின் வழுக்குவதோடு குழப்பிக்கொள்வது வழமை, கடைக்காரரும் சிலவேளை குழம்புவார். பிரித்தறிய ஒரு வழி உண்டு. சைக்கிளின் பக்கத்தில் நின்று, பின் பிறேக்கை இறுக்கப் பிடித்து, முன்னால் நிற்கும் பெடலைக் கையால் அல்லது காலால் அழுத்துங்கள். கண் பிறீவீலில் இருக்கட்டும், விரலும் சேலைத் தலைப்பும் செயினுக்குக் கிட்ட வேண்டாம். செயின் பல்லின் மேல் ஏறித் தாவினால் அது மேலே சொன்ன தேய்வு. செயின் பல்லை விடாமல், பல்சக்கரமே செயினோடு சேர்ந்து சுற்ற, சில்லு மட்டும் அசையாமல் நின்றால் வருத்தம் பிறீவீலின் உள்ளே. முன்னுக்கு மிதிக்கும்போது சில்லைக் கொழுவிப் பிடிக்கச் சின்ன நாக்குகள் அதனுள் இருக்கின்றன, வில்லுக்கம்பி அவற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். நாங்கள் மிதிக்காமல் விடும்போது கேட்கும் டிக் டிக் சத்தம் அவற்றுடையதுதான். பழைய கிறீசும் மண்ணும் இறுகினால் நாக்கு எழும்பாது, சத்தமும் குறையும்.

பொக்கற்றைத் தொடுமுன் மண்ணெண்ணெயை முயலுங்கள். சைக்கிளைச் சரித்து வைத்து, பிறீவீலின் நடுவில் உள்ள இடுக்கில் சில துளி விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றுங்கள். கறுப்புத் தண்ணீர் வழியும். தெளிவாக வரும்வரை செய்து, ஒரு மணித்தியாலம் காயவிட்டு, தையல் மெசின் ஓயில் நாலு துளி விடுங்கள். பல தடவை இதோடு சரியாகிவிடும். திரும்பவும் வெறுமையாகச் சுற்றினால் வில்லு உடைந்திருக்கிறது, பிறீவீலை மாற்ற வேண்டும். அதைக் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. உளியும் சுத்தியலும் எடுப்பவரிடம் சைக்கிளைக் கொடுக்க வேண்டாம், ஹப்பும் சேர்ந்து பழுதாகும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு சொல். வீட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றுபவர்கள் அதிகம். நாள் போகப் போக அது பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாக்குகள் ஒட்டிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாலாவது, தட்டுவது. பெடல் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு தடவை, காலுக்குத் தெரியும்படி ஒரு சின்ன இளக்கம் இருந்தால் கொட்டர்பின்னைப் பாருங்கள். பெடல் தண்டை நடு அச்சோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். இரண்டு பெடலையும் முன்னும் பின்னுமாக மட்டமாக நிறுத்தி, இரண்டு கையாலும் அழுத்தினால் இளகிய பக்கம் ஆடுவது தெரியும். முதலில் நட்டை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் பின்னை மாற்ற வேண்டும். பின் சின்னப் பொருள்தான். பாராமல் ஓடினால் தண்டின் துளை அகன்று, தண்டையே மாற்ற வரும். கொட்டர்பின் இல்லாத புது வகைச் சைக்கிள்களில் தண்டின் நடுவிலுள்ள நட்டையோ போல்ற்றையோ இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற ஒரு தடவை மட்டும் செயின் துள்ளினால், எங்கோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றி, பிறீவீலைக் கடக்கும்போது விறைத்து நிற்கும் கண்ணியைக் கண்டுபிடித்து, ஓயில் விட்டு இரு பக்கமும் மெல்ல வளைத்து இளக்கலாம்.

கடைக்குப் போகும்போது "செயின் அளந்தனான், எட்டில ஒண்டு தாண்டியிருக்கு, பிறீவீல் பல்லும் கொக்கியாப் போச்சு, இரண்டையும் மாத்துங்கோ" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதைக் கேட்டுச் சந்தோசப்படுவார், அவருக்கும் நேரம் மிச்சம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுடையவை. பூட்டி முடிந்ததும் செயின் லொக்கின் கிளிப்பைப் பாருங்கள். பிளந்த பக்கம் பின்னுக்கும் மூடிய பக்கம் செயின் ஓடும் திசைக்கும் இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் எதிலாவது உரசிக் கழன்று, ஓடும்போது செயின் அறுந்தது போல விழும். பிறகு கடை வாசலிலேயே பின் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். காசு கொடுப்பது அதற்குப் பிறகு.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் ஒரு ஸ்பனர் செற்றும் ஒரு இரும்பு அடிமட்டமும் பொதுவில் வாங்கி வைக்கலாம். கதிரை, பாத்திரம் வாங்கி வாடகைக்குக் கொடுக்கும் சங்கங்களுக்கு இது பெரிய செலவல்ல. மாதக் கூட்டத்துக்குச் சைக்கிளில்தானே வருகிறீர்கள், கூட்டம் தொடங்குமுன் வாசலில் நிற்கும் சைக்கிள்களின் செயினை இருவர் இருவராக அளந்து பாருங்கள். மாரி தொடங்குமுன் இதைச் செய்துவிட்டால் நல்லது. மழைக்குள் ஓடி வந்த அன்றைக்கு ஈரத்தைத் துடைத்து, கண்ணிகளில் ஓயில் விட்டு, வெளியில் வழிவதைத் துடைத்து விடுங்கள். ஓயில் கண்ணிக்கு உள்ளே இருந்தால் போதும், வெளியே இருப்பது மண்ணைத்தான் பிடிக்கும்.